ஹேமாம்புஜத்தின் ஓட்டு

கங்கம்மாளுக்குத் தன் பெயரே வாயில் நுழையாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் அதுதான் நிஜம். தொண்ணூற்றொன்றாம் வருஷம் மார்ச் மாதத்திலிருந்து அவளுக்குக் கம்பெனியில் ஹேமாம்புஜம் என்று பெயர். சம்பள நாளில் டைம் ஆபீஸ் கிளார்க் சுப்பராயன் அந்தப் பெயரைக் கூப்பிடுவார். இவள் "ஏமாம்புசம் கீறேன் சார்" என்று முன்னால் போவாள். பின்னால் நிற்கிற பதினெட்டுப் பெண்களும் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொள்வார்கள். அதற்கு முந்தின வருஷம் அவள் கோமளவல்லி. அதற்கும் முன்னால் வேதநாயகி.

இது என்ன கூத்து என்றால், இரண்டு வருஷத்தில் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தப் பெண்களை வேலைக்குக் கொண்டுவந்த கண்டிராக்டர் கோதண்டராமன் அந்தச் சட்டத்தை நன்றாகப் படித்தவர். படித்ததால்தான் வருஷத்துக்கு ஒரு தடவை அவர்களைப் பத்து நாள் வீட்டில் உட்காரச் சொல்லுவார். பதினோராம் நாள் வந்தால் புதுப் பெயர். எழுதுகிற சுப்பராயனுக்கு வீடு ஸ்ரீபெரும்புதூரில், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பெயருக்கு எங்கே போவார் மனிதர்? தெருவில் கோலம் போடுகிற மாமிகளின் பெயரையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டார். புருஷன் பெயரையும் விடவில்லை. ரிஜிஸ்தரில் கங்கம்மாள், 'ஹேமாம்புஜம், கணவர் பெயர் திருநாராயணன்'. கூட வேலை பார்க்கிற பெண்கள் அவளிடம், உன் இன்னொரு வீட்டுக்காரர் சௌக்கியமா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். நிஜமான வீட்டுக்காரன் மண்ணாங்கட்டியும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தான். அவனும் சேர்ந்து சிரித்தவன்தான்.

ஆலை படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் இருந்தது. தண்ணீர் பம்பு வார்க்கிற ஆலை. பம்பின் வயிறு காலியாக இருக்க வேண்டுமே, அதற்காக அந்த வயிற்றின் அளவுக்கு மணலில் ஒரு உரு செய்து அச்சுக்குள் நிறுத்துவார்கள். உருகின இரும்பு அதைச் சுற்றி ஓடி இறுகினதும் மணலைத் தட்டிக் கொட்டிவிடுவார்கள். அந்த மணல் உருவுக்குத்தான் கோர் என்று பெயர். மணலில் வெல்லப்பாகுக் கழிவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, பெட்டியில் அடித்து, கம்பியால் காற்றுக்கு வழி குத்தி, அடுப்பில் சுட்டு எடுக்க வேண்டும். ஆண்களுக்கு இந்த வேலை கைவராது. அவசரக்காரர்கள், மூலையை உடைத்துவிடுவார்கள். கங்கம்மாள் கோரை ஒரு விரலால் சுண்டிப் பார்த்தே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். ஈரம் இருந்தால் இரும்பு பட்டதும் உள்ளேயிருந்து ஊதி, வார்க்கிறவன் மேலேயே தெறிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கிறபோதும் அவள் கை பட்ட கோர் ஒன்றுகூட ஊதினதில்லை. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அங்கே வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

அந்த வருஷக் கார்த்திகையில் ஆலையில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று ரகசிய ஓட்டு வந்தது. பழைய சங்கம் ஆலை திறந்த நாளிலிருந்து இருக்கிறது. பூட்ஸ், சோப்பு, கேன்டீன் எல்லாம் அது வாங்கிக் கொடுத்ததுதான். மண்ணாங்கட்டி அதில் துணைச் செயலாளர். புதுச் சங்கம் ஒன்றரை வருஷத்துப் பிள்ளை. பழைய ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து முதலாளியோடு பழகிவிட்டார்கள் என்று சொல்லி இளவட்டங்கள் ஆரம்பித்தது. அதற்குச் செயலாளர் மாரி. மாரி யார் என்றால், கங்கம்மாளின் கூடப்பிறந்த தம்பி. அவர்கள் ஊரான வல்லத்தில் அக்காள் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

மாமனும் மச்சானும் ஒரு மாதமாகப் பேச்சில்லை. ஆனால் ஆலையில் இருவரும் ஒரே ஜோடி. உருகின இரும்பை வாளியில் ஏந்திப் போகிறபோது முன்தண்டை மண்ணாங்கட்டியும் பின்தண்டை மாரியும் பிடிப்பார்கள். ஒருவன் கால் இடறினால் இருவருக்கும் எலும்புகூட மிஞ்சாது. பேச்சை நிறுத்தின பிறகும் ஒருநாள்கூட அந்த நடை பிசகவில்லை. முன்னால் போகிறவன் தோள் லேசாக இறங்கினால் பின்னால் வருகிறவன் நிற்பான். வாளியை இறக்கினதும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைப்பார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், மரியாதையும் வரும்.

அந்த மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொடுமைக்கு அப்புறம் அந்தப் பக்கத்தில் பத்து பேர் கூடி நின்றாலே போலீஸ் ஜீப் வந்துவிடும். மைக் கட்டக் கேட்டால் அனுமதி இல்லை. அதனால் பிரசாரமெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. தொண்ணூற்றாறு நிரந்தரத் தொழிலாளிகள், பாதிக்குப் பாதி பிளந்து நின்றார்கள். அப்போதுதான் மாரி ஒரு காரியம் செய்தான். கோர் ஷாப் பெண்களும் தொழிலாளிகள்தான், அவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று லேபர் ஆபீசருக்கு மனு போட்டான். நல்ல மனுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிர்வாகம் மறுபேச்சில்லாமல் சரி என்றது. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். மாரி சந்தோஷத்தில் அதைக் கவனிக்காமல் விட்டான். பத்தொன்பது ஓட்டு என்றால் சும்மாவா? ஓட்டு வாங்கிக் கொடுத்தவனுக்குத்தானே பெண்கள் போடுவார்கள்? அவனுக்கு ஜெயித்த மாதிரியே இருந்தது.

ஓட்டுக்கு மூன்று நாள் முன்னால் டைம் ஆபீஸ் சுவரில் லிஸ்ட் ஒட்டினார்கள். பெண்களில் பத்தாவது வரைக்கும் படித்தவள் சத்யப்பிரியா. அவள் ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, எனக்கு இது, உனக்கு அது என்று ஒரே சிரிப்பு. ஹேமாம்புஜம் வந்ததும் கைதட்டலே நடந்தது. பெயருக்குப் பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த தேதி என்று ஒரு கட்டம். பத்தொன்பது பேருக்கும் ஒரே தேதி, மார்ச் பதினொன்று. அதற்கும் பக்கத்தில் வெறும் கட்டம். ஓட்டுப் போடுகிறவர் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கங்கம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்த வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுப்புத் தட்டு சரிந்து சரோஜாவுக்கு முழங்கை வரைக்கும் வெந்துபோனது அவளுக்கு ஞாபகம் வந்தது. நஷ்ட ஈடு கேட்டுப் போனபோது கோதண்டராமன் ரிஜிஸ்தரை விரித்துக் காட்டி, சரோஜா என்று எங்களிடம் யாருமே வேலை பார்க்கவில்லையே அம்மா என்றார். அது வெறும் அவர் வாய்ச்சொல். இப்போது நடக்கப்போவது அப்படியில்லை. சர்க்கார் ஆபீசர் முன்னால், தன் கையாலேயே, நான் ஹேமாம்புஜம், மார்ச்சில்தான் சேர்ந்தேன் என்று எழுதிக் கொடுப்பது. போட்ட பிறகு ஆறு வருஷமும் போச்சு. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவார்கள். நிர்வாகம் ஏன் மறுபேச்சில்லாமல் சரி என்றது என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

அன்று சாயங்காலம் வயல் நண்டு ரசம் வைத்திருந்தாள். மழைக்காலத்தில் வல்லத்தில் வரப்பெல்லாம் நண்டுதான். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, ஓட்டோடு இடித்து வடிகட்டி வைத்தால் தொண்டைக்கு அப்படி இதமாக இருக்கும். வாசனைக்கோ பிரசாரத்துக்கோ, மாரி வந்து வாசல்படியில் நின்றான். மாமனைப் பார்க்காமல் அக்காளிடம் மட்டும், ஓட்டு நம்ம பக்கந்தானே என்று கேட்டான். மண்ணாங்கட்டி சோற்றுத்தட்டைப் பார்த்தபடியே, வூட்டுக்குள்ளயே வந்து ஓட்டுக் கேக்கறானே என்று சுவரிடம் சொன்னான். கங்கம்மாள் தம்பியை உட்காரவைத்து அவனுக்கும் ஒரு தட்டு போட்டாள். அதற்கப்புறம் கட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

விஷயம் புரியாத ஆட்கள் இல்லை அவர்கள். ஆனாலும் ஓட்டை விட இருவருக்கும் மனம் வரவில்லை.

"இப்போ போட்டுடு கங்கம்மா," என்றான் மண்ணாங்கட்டி. "நாங்க ஜெயிச்சு வந்து மொதல் வேலையா உங்க பேர சரி பண்றோம்."

"அவுங்க பன்னெண்டு வருசமா பண்ணாதத நாங்க பண்றோம்க்கா," என்றான் மாரி. "ஆனா மொதல்ல ஓட்டு வுழணும். ஓட்டு இல்லன்னா ஒண்ணுங் கெடையாது."

கங்கம்மாள் கரண்டியை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு மாசமா எதுலயும் ஒத்துப்போவாதவங்க இதுல மட்டும் ஒத்துப்போறீங்களே," என்றாள். "ஜெயிச்சப்புறம் நீங்க யாருக்காகக் கேப்பீங்க? கங்கம்மாவுக்கா? அப்படி ஒருத்தி வேலையே பாக்கலன்னு நாந்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேனே."

மண்ணாங்கட்டி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மாரி மட்டும், பத்தொன்பதும் போனால் தோற்றுவிடுவேன் என்று மெதுவாகச் சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கே வெட்கமாகப் போய், ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் பெண்களிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். பயந்தார்கள், ஏன் பயப்பட மாட்டார்கள்? சொந்தப் பெயரைச் சொன்னால் கோதண்டராமன் அன்று மாலையே கேட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார். அவரிடம் இருப்பது ஹேமாம்புஜம்தானே தவிர கங்கம்மாள் இல்லையே. பேசாமல் ஓட்டுக்கே போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். போகாவிட்டால் அதே பெயரிலேயே கிடக்க வேண்டியதுதான் என்றாள் கங்கம்மாள். சர்க்கார் ஆபீசர் கோர் ஷாப்புக்குப் பக்கத்தில் வந்து உட்காருவது இந்த ஒரு நாள்தான், அவர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு வருவோம் என்றாள். சரோஜா, வெந்து சுருங்கின முழங்கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாள். அவள் ஆட்டின பிறகு மற்றவர்கள் யோசிக்கவில்லை.

ஓட்டு நாளன்று காலையிலிருந்தே மழை. கேன்டீனில் மேஜை போட்டு லேபர் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். ஒரு பக்கம் சுப்பராயன் லிஸ்ட்டோடு. இன்னொரு பக்கம் இரண்டு நாற்காலி. வருகிற ஆள் நிஜமான ஆள்தானா என்று அடையாளம் சொல்ல ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு ஏஜென்ட் உட்காரலாம். பழைய சங்கத்துக்கு மண்ணாங்கட்டி, புதுச் சங்கத்துக்கு மாரி. வேறு யாரைப் போடுவார்கள்? இருவருக்கும் அவரவர் சங்கத்து மேலிடத்திலிருந்து ஒரே உத்தரவு, லிஸ்ட்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதற்குத் தலையாட்டு, வம்பு வளர்க்காதே என்று. கோதண்டராமன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

ஆண்கள் போட்டு முடித்தார்கள். பெண்கள் முக்காட்டில் மழை சொட்டச் சொட்ட வரிசையில் வந்தார்கள். முதலில் கங்கம்மாள். சுப்பராயன் பெயரைக் கேட்காமலே லிஸ்ட்டில் விரலை வைத்து, ஹேமாம்புஜம், கணவர் பெயர் திருநாராயணன் என்று வாசித்துவிட்டு, கையெழுத்துப் போடும்மா என்று பேனாவை நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கவில்லை.

"அது நான் இல்ல சார்," என்றாள் ஆபீசரைப் பார்த்து. "எம் பேரு கங்கம்மாள். ஆறு வருசமா இங்க கோர் அடிக்கிறேன். இந்தப் பேரு இவுங்க எழுதிகினது."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். லிஸ்ட்டில் இல்லாதவர் ஓட்டுப் போட முடியாது அம்மா என்றார். தெரியும் சார் என்றாள் அவள். கோதண்டராமன் வாசலிலிருந்து, பயத்தில் உளறுது சார், அது ஹேமாம்புஜந்தான் என்று சிரித்தார். ஆபீசர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு நாற்காலிகளையும் பார்த்து, இந்த அம்மா யார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வி எந்த வீட்டுக்கும் வரக் கூடாது. லிஸ்ட்டுப்படி தலையாட்டினால் ஓட்டு விழும், இவள் பொய்க்காரி ஆவாள். உண்மையைச் சொன்னால் பத்தொன்பது ஓட்டும் போச்சு. மண்ணாங்கட்டிக்கு அதில் நஷ்டமில்லை, பார்க்கப்போனால் லாபம்தான். ஆனால் மேலிடத்து உத்தரவை மீறினவன் என்று ஆகிவிடும், சங்கம்தான் அவனுக்கு ஊரில் இருந்த ஒரே கௌரவம். மாரிக்கோ ஜெயிப்பதே போய்விடும். ஒன்றரை வருஷமாக மழையிலும் வெயிலிலும் சைக்கிளில் சுற்றி, சஸ்பெண்ட் ஆகி, திரும்ப வந்து கட்டின சங்கம். இவ்வளவும் தெரிந்துதான் கங்கம்மாள் அங்கே நின்றாள். தம்பியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் எழுந்தவன் மாரிதான்.

"எங்கூடப் பொறந்த அக்கா சார். பேரு கங்கம்மாள். நான் ஃபர்னஸ்ல சேந்தப்பவே அது இங்க கோர் ஷாப்ல இருந்துச்சு. எழுதிக்கங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

சுப்பராயன் கையிலிருந்த பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார். ஆபீசர் அடுத்த நாற்காலியைப் பார்த்தார். மண்ணாங்கட்டி எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான். எட்டு மாதம் சிரித்துத் தீர்த்த பெயர் இப்போது அவன் முகத்தில் சிவப்பாக ஏறியிருந்தது.

"எம் பொஞ்சாதி சார். திருநாராயணன் யாருன்னு எனக்குத் தெரியாது. எம்பத்தஞ்சு தை மாசம் நாந்தான் இட்டாந்து வுட்டேன். அன்னியிலேர்ந்து ஒரே எடத்துல கீறா. இத்தினி நாளு இந்தப் பேரக் கேட்டுச் சிரிச்சிகினு இருந்தேன், அது என் தப்பு."

ஆபீசர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இருவர் சொன்னதையும் அப்படியே எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். அடுத்தவர் என்றார். சரோஜா வந்தாள். மறுபடி அதே கேள்வி, அதே இரண்டு பதில். ஒவ்வொருத்தியாக மேஜைக்கு முன்னால் வந்து நின்று சொந்தப் பெயரைச் சொன்னார்கள், இரண்டு சங்கத்து ஏஜென்டுகளும் ஆமாம் என்று சொன்னார்கள். பதினான்காவது பெண் முணுமுணுத்த பெயர் மழைச் சத்தத்தில் மண்ணாங்கட்டிக்குக் கேட்கவில்லை, தடுமாறினான்.

"பச்சையம்மா, மாமா," என்றான் மாரி. "மணிமங்கலத்துப் பச்சையம்மா."

"ஆமா சார், பச்சையம்மா," என்றான் மண்ணாங்கட்டி. ஒரு மாதத்துக்கு அப்புறம் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

கங்கம்மாள் கேன்டீன் கம்பத்தில் சாய்ந்துகொண்டு அழுதாள். துக்கமா, சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஆறு வருஷத்தில் அந்தக் கூரைக்குக் கீழே யாரும் அவர்களை இப்படி ஒவ்வொருத்தியாகச் சொந்தப் பெயரில் சொன்னதில்லை.

பத்தொன்பது பேரும் ஓட்டுப் போடாமல் வெளியே வந்தார்கள். ஆபீசர் ரிஜிஸ்தரைத் தன்னோடு எடுத்துக்கொண்டார். விசாரணை முடிகிற வரைக்கும் இவர்களில் ஒருத்தரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கினார். சாயங்காலம் எண்ணினார்கள். பழைய சங்கம் ஐம்பது, புதுச் சங்கம் நாற்பத்தாறு. மாரி நாலு ஓட்டில் தோற்றுப்போனான்.

பழைய சங்கத்து ஆட்கள் வெடி போட்டார்கள், மழையில் பாதி வெடிக்கவில்லை. மண்ணாங்கட்டி மாலையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான். கங்கம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் போய், என்னால்தானே என்று கேட்டாள்.

"பத்தொம்போது ஓட்டு வேணும்னுதாங்க்கா அலைஞ்சேன்," என்றான் மாரி. "ஏமாம்புசம் ஓட்ட வாங்கி ஜெயிச்சிருந்தா உம் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்தது. காலையிலேயே கங்கம்மாள் மாரியிடம் போய்ப் புதுச் சங்கத்தின் உறுப்பினர் படிவம் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வல்லத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் மண்ணாங்கட்டியிடம்தான் வருவார்கள், அச்சடித்த மாதிரி கையெழுத்து அவனுக்கு. அவள் படிவத்தை அவன் முன்னால் வைத்து, எழுது என்றாள்.

அவன் தலைப்பைப் படித்தான். தன் சங்கம் இல்லை அது. ஜெயித்து ஒரு நாள்கூட முழுசாக ஆகவில்லை. ஆனாலும் பேனா மூடியைத் திறந்து, பெயர் கங்கம்மாள், கணவர் பெயர் மண்ணாங்கட்டி, சேர்ந்த நாள் எண்பத்தைந்து தை என்று எழுதினான். மாரி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா," என்றான். "இது என்னான்னு தெரிஞ்சிதான் எழுதறியா? அடுத்த ஓட்டுல இவுங்க எல்லாம் எம்பக்கம் இருப்பாங்க. நீ தோத்துடுவ."

"எண்ணத் தெரியாதவனாடா நானு?" என்றான் மண்ணாங்கட்டி. "நவுந்து நில்லு, வெளிச்சத்த மறைக்காத. பதினெட்டு பேரு வெளிய நிக்கிறாங்க."

மாரி நகர்ந்தான். வாசலில் சரோஜா, சத்யப்பிரியா, பச்சையம்மா என்று பதினெட்டுப் பேரும் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்கள். மண்ணாங்கட்டி அடுத்த படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"வா தாயி," என்றான். "உம் பேரச் சொல்லு."